நம்பிக்கை வேறு, பொய் வேறு



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் மிகவும் துக்ககரமானது. ஆனாலும் மூடி மூடி வைப்பதாலேயே அத்துன்பம் இரட்டிப்பாகின்றது என்பதால் பேசத் துணிகின்றோம்.

ஐந்தாம் மாதம் ஒரு பெண்ணுக்கு ஸ்கேன் எடுக்கிறார்கள். பனிக்குட நீரையும் சோதிக்கிறார்கள். குழந்தைக்குப் பதினெட்டாம் எண் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருக்கிறது, நெடுநாள் வாழ்வது அரிது என்று தெரிகின்றது. அந்த நிமிஷம் முதல் அவள் படும் பாடென்ன? "கிரகணத்தில் வெளியே போனாயா?" என்பாள் மாமியார். "பூர்வஜென்ம பாவம்" என்று சொல்லிப் பரிகாரத்துக்குச் செலவுக் கணக்கும் கொடுப்பார் ஜோசியர். பாவமுமல்ல, சாபமுமல்ல தோழர்களே! பெரும்பாலும் கருமுட்டை உண்டாகும்போது குரோமோசோம் சரியாகப் பிரியாமற் போவதே காரணம். தாயின் வயது ஏற ஏற இப்படி நேர்வது அதிகமாகுமே தவிர, யாருடைய நடத்தையாலும் வருவதல்ல. 1960-ம் வருஷத்திலேயே இங்கிலாந்தில் எட்வர்ட்ஸ் என்பவரும் அவரது கூட்டாளிகளும் இதைக் கண்டு சொன்ன பிறகும், ஒரு பெண்ணைக் குற்றவாளியாக்குவது மனிதத்தன்மையாகுமா?

"அப்படியானால் நம்பிக்கையே கூடாதென்கிறீர்களா?" என்று கேட்பீர்கள். நாம் அப்படிச் சொல்லவில்லை. பொய் கூடாதென்றுதான் சொல்லுகின்றோம். "எல்லாம் சரியாய்ப் போகும்" என்று மழுப்பும் டாக்டர் சொல்வது பொய். "பிழைக்கவே பிழைக்காது, இனிப் பேச ஒன்றுமில்லை" என்று கதவைச் சாத்துகிறவர் சொல்வதும் முழு உண்மையல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உயிரோடு பிறந்த இத்தகைய குழந்தைகளைப் பற்றி 2016-ல் வெளியான ஆராய்ச்சியில், எட்டில் ஒன்று ஓராண்டைத் தாண்டியதாகக் கண்டார்கள். மற்ற ஏழும் தாண்டவில்லை. இரண்டையும் சேர்த்துச் சொல்வதே யோக்கியமான வைத்தியம்.

உண்மை தெரிந்த பின்னும் பெற்றோர் நம்பத்தான் செய்கிறார்கள். எதை? உயிரோடு பிறந்து ஒரு மணி நேரமாவது மடியில் கிடக்காதா, நோவில்லாமல் இருக்காதா, அதற்கொரு பெயரிட்டு அழைக்க மாட்டோமா என்பதை. டாக்டருக்கும் நர்ஸுக்கும் இதிலே வேலையிருக்கிறது. குணப்படுத்த முடியாவிட்டாலும் வலியைத் தணிக்கலாம், குளிராமல் காக்கலாம், தாயிடமிருந்து பிரிக்காமல் இருக்கலாம். இது நிறைவேறக்கூடிய நம்பிக்கை. இதில் பொய் எங்கே இருக்கிறது?

சில பெண்கள் கருவை நீக்கிக்கொள்ள முடிவு செய்வார்கள். அதுவும் அன்பில்லாமையாலல்ல. இந்தியாவில் 1971-ம் வருஷத்துச் சட்டம் 2021-ல் திருத்தப்பட்ட பின், கருவில் பெருங்குறை இருப்பதாக மருத்துவக் குழு கண்டால் 24 வார வரம்பு தடையாகாது. சுமப்பதா, நீக்குவதா என்பதைச் சுமக்கிறவளே தீர்மானிக்கட்டும். உறவின்முறையாருக்கும் ஜோசியருக்கும் அதில் என்ன வேலை?

ஆகவே தோழர்களே! உங்கள் தெருவில் அப்படியொரு வீடிருந்தால் பரிகாரம் சொல்லாதீர்கள். "அடுத்த பிள்ளை பிறக்கும்" என்று வாயையும் அடைக்காதீர்கள். போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். அந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைத்தார்கள் என்று கேளுங்கள். அந்தத் தாய் சொல்லுவாள். அதைக் கேட்டுக்கொண்டிருங்கள் என்று வேண்டிக்கொண்டு, இவ்வளவோடு முடித்துக்கொள்ளுகின்றோம்.