காசும் கருத்தும்



பொருள் தன்னளவில் நன்றும் அன்று, தீதும் அன்று. அது சடம். அதனைக் கண்டவிடத்து அச்சமோ, ஆசையோ, இறுமாப்போ எழுமாயின், அவை நெஞ்சிலிருந்து எழுவனவேயன்றிக் காசிலிருந்து எழுவன அல்ல. ஆதலின் ஒருவர் எண்ணிப் பார்க்கவேண்டுவது பெட்டியிலுள்ள காசினை மட்டுமன்று. அதனைத் தொடுங்கால் தம் நெஞ்சில் நிகழ்வதனையுமாம்.

12-ஆம் நூற்றாண்டிற் சேக்கிழார் பெருமான் அருளிய பெரியபுராணத்தில், திருநாவுக்கரசு சுவாமிகள் வரலாறு இதனைத் தெளிவிக்கின்றது. சுவாமிகளும் ஆளுடைய பிள்ளையாரும் திருவீழிமிழலையில் எழுந்தருளியிருந்த காலத்து வற்கடம் வந்துற்றது. அடியார்கள் பசியால் வாடாவண்ணம் இறைவன் இருவர்க்கும் நாள்தோறும் படிக்காசு அருளினான். நாவரசர் அதனை மறுத்தாரல்லர்; பெற்று அடியார்க்கு அமுதளித்தார். பிள்ளையார் பெற்ற காசுக்கு வட்டம், அஃதாவது மாற்றுக்கழிவு, கொடுக்க நேர்ந்தது; நாவரசர் காசு வட்டமின்றிச் சென்றது. அவர் உழவாரம் ஏந்தி மெய்வருந்தக் கைத்தொண்டு செய்தமையே அதற்குக் காரணம் என்பர்.

அவரே பின்னர்த் திருப்புகலூரில் புல்லைச் செதுக்குங்கால், மண்ணிடையே பொன்னும் நவமணியும் ஒளிவிட்டன. அவற்றையும் பருக்கைக் கற்களோடு ஒன்றாகவே வாரி வாவியில் எறிந்தார். வீழிமிழலையில் ஏற்ற கையே புகலூரில் எறிந்தது. இது முரணாகாதோ எனின், ஆகாது. ஆங்கு வந்தது அடியார் பசிக்கு மருந்து. ஈங்கு வந்தது தொண்டினின்று மனத்தைத் திருப்பும் சோதனை. ஏற்றபோது களிப்பும் இல்லை; எறிந்தபோது துயரும் இல்லை. ஈரிடத்தும் நெஞ்சம் ஒரு நிலையிலேயே நின்றது.

இத்திருக்குட முழுக்கிற்குப் பொருள் உதவியோர் திருப்பெயர்கள் இம்மலரில் அச்சேறியுள்ளன. அது முறையே, பிறரையும் அறத்தில் ஊக்கும். ஆயினும், தம் பெயர் முன்னே உள்ளதோ, பின்னே உள்ளதோ என்று கண்கள் தேடுமாயின், கொடுத்த பொருள் இன்னும் கைவிட்டு அகலவில்லை என்று உணர்க. நூறு கொடுத்தவர் ஆயிரம் கொடுத்தவரைக் கண்டு கூசினாலும் அந்நிலையே. இருவர் நெஞ்சிலும் காசே அமர்ந்திருக்கின்றது. ஈசன் அமர இடமில்லை.

இந்நோய்க்கு நாவரசர் கையிலிருந்த உழவாரமே மருந்து. பொருள் தந்தோர், விழா நிறைந்து பந்தல் பிரித்த பின்னும் ஒருநாள் வந்து, திருச்சுற்றில் ஒருபிடி புல்லைச் செதுக்குவாராக. கை தொண்டில் அழுந்தினால், நெஞ்சு கணக்கை மறக்கும். அன்றே கொடுத்தது கொடுத்ததாகும்.

திருச்சிற்றம்பலம்.