பொய்யன் என்னும் பதார்த்தம்



திராட்சைக் கொடியென்றால் கனியையும் அதன் ரசத்தையும் மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு, துருக்கி, கிரேக்கம், லெபனான், ஆர்மீனியா முதலிய பிரதேசங்களில், பழம் தலைகாட்டுவதற்கு வெகு முன்னரே, வசந்தகாலத்துத் தளிர் விரிந்து உள்ளங்கையளவு ஆனதும், வருஷம் முழுவதற்கும் வேண்டிய இலைகளைப் பறித்து உப்புநீரில் ஊறப்போட்டு வைக்கிறார்கள் என்பது ஆச்சரியமாகத்தான் இருக்கும்.

அவ்விலையில் அரிசியைப் பொதிந்து வேகவைத்ததைத் துருக்கியர் சர்மா என்றும் டோல்மா என்றும் வழங்குவர். முன்னதற்குச் சுற்றியது, பின்னதற்கு நிரப்பியது என்று பொருள். இறைச்சி சேர்ந்ததைச் சூடாகத் தயிரோடு உண்பார்கள். இறைச்சியே இல்லாமல், ஆலிவ் எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தோடு அரிசியும் உலர்திராட்சையும் பைன் கொட்டையும் சேர்த்துச் சுருட்டி, வேகவைத்து ஆறவிட்டு உண்ணும் வகைக்கு அவர்கள் இட்ட பெயரோ 'யலஞ்சி', அதாவது பொய்யன்! புலாலுள்ளதுபோல் பாசாங்கு செய்கிறதாம். என் அபிப்பிராயத்தில் மெய்யனைக் காட்டிலும் இந்தப் பொய்யனே உத்தமன். மாமிசத்தின் அதிகாரம் ஓய்ந்த இடத்தில்தான் இலையின் மெல்லிய புளிப்பு நாவுக்குத் தெரியவருகிறது.

காம்பைக் கிள்ளி, பளபளப்பான முகம் கீழே இருக்க, நரம்போடிய பக்கத்தில் சிறிது பூரணத்தை வைத்து, ஓரங்களை உள்ளே மடித்து விரல் பருமனுக்குச் சுருட்டவேண்டும். இறுக்கினாலோ அரிசி பருக்கும்போது இலை கிழியும், தளர்த்தினாலோ பிரிந்துபோகும். சட்டியில் நெருக்கி அடுக்கி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து அமுக்கி, எலுமிச்சைச் சாறு கலந்த நீரில் இளந்தீயில் வேகவிடுவார்கள். பொறுமைக்குரிய இவ்வேலையைப் பலர் கூடிக் கதைபேசிக்கொண்டே செய்வதுண்டு. அஜர்பைஜானில் டோல்மா செய்து பகிரும் மரபை 2017-இல் யுனெஸ்கோ தன் பண்பாட்டுப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது.

போஷாக்கைச் சொல்வதானால், நாம் வாழையிலையில் பொதிந்து சமைத்தால் இலையை எறிந்துவிடுகிறோம். இங்கே இலையும் ஆகாரம். 100 கிராம் பச்சையிலையில் ஏறக்குறைய 11 கிராம் நார்ச்சத்தும் 360 மில்லிகிராம் கால்சியமும் இருக்கின்றன. வைட்டமின் ஏ, கே இரண்டும் மிகுதி. ஆயினும் ஓர் இலையின் எடை மூன்று கிராம் அளவேயாதலால், நாலைந்து சுருள் தின்றவுடன் ஆரோக்கியம் பொங்கிவிடுமென்று நான் சொல்லமாட்டேன். உப்புநீரில் கிடந்த இலையை நன்றாக அலசாமல் சமைப்பது இரத்த அழுத்தமுள்ளவர்களுக்கு ஆகாது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உட்கொள்பவர்கள், வைட்டமின் கே-யை உத்தேசித்து, வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

மற்றவர்கள் பொய்யனை அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு உண்ண அவசரப்படவேண்டாம். இரவு முழுவதும் மூடிக்கிடந்து, எண்ணெயும் புளிப்பும் அரிசிக்குள் இறங்கிய மறுநாள் அதன் ருசியே தனி.