வீட்டுக்குப் போன பிள்ளையின் முதல் இரண்டு ஆண்டுகள்

1940களின் நடுப்பகுதியில் இலங்கையில் உயிருடன் பிறந்த 1000 குழந்தைகளில் ஏறத்தாழ 140 பேர் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. இன்று அந்த எண்ணிக்கை பத்துக்கு அண்மையில் நிற்கிறது. இந்த இறக்கத்தில் பெரும்பங்கு கிராமம் கிராமமாக நடந்து திரிந்த மருத்துவமாதுக்களுக்கு உரியது. மட்டக்களப்பில் நிகழும் இந்தச் சொற்பொழிவு அவர்களை வணங்கித் தொடங்குவதுதான் முறை.

குழந்தை பிழைத்துவிட்டது என்பதோடு அந்தக் கணக்கு மூடப்பட்டுவிடுகிறது. 1200 கிராம் நிறையில் பிறந்து, விசேட பராமரிப்புப் பிரிவில் பல வாரங்கள் ஒட்சிசனோடும் ஊசிகளோடும் கிடந்து வீட்டுக்குப் போன பிள்ளைக்குக் கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, ஐந்து வயதில் எழுத்துக் கூட்டுகிறதா? இவற்றையும் அதே பொறுப்போடு எண்ண வேண்டிய காலம் வந்துவிட்டது.

பணத்தில் தொடங்காமல் தாயின் நெஞ்சில் தொடங்கலாம். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் எட்கர் ரேய் என்ற வைத்தியர், இன்குபேட்டர் போதாத ஒரு வைத்தியசாலையில், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் மார்போடு தோலுடன் தோல் படும்படி கட்டிவைக்கச் செய்தார். வழியில்லாத இடத்தின் வைத்தியம் என்றே உலகம் அதை நெடுங்காலம் கருதியது. 1990களில் அங்கே இப்படி வளர்க்கப்பட்ட குழந்தைகளையும், வழக்கமான முறையில் வளர்க்கப்பட்டவர்களையும் இருபது ஆண்டுகள் கழித்துத் தேடிப்பிடித்து ஆராய்ந்தார்கள். 2017இல் முடிவு வெளியானது. மார்பில் வளர்ந்தவர்கள் பள்ளிக்கூடத்துக்குக் குறைவாகவே மட்டம் போட்டிருந்தார்கள். அவர்களிடம் முரட்டுத்தனமும் குறைவாக இருந்தது. 2021இல் வெளியான இன்னோர் ஆய்வு கானா, இந்தியா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளில் 3211 குழந்தைகளிடம் நடந்தது. உடல்நிலை சீராகும்வரை காத்திராமல் பிறந்தவுடனேயே மார்பில் சேர்த்தபோது 28 நாட்களுக்குள் இறப்பு 15.7 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக இறங்கியது. இதற்குத் தேவை தாய்க்கு ஒரு கட்டில், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள்ளேயே. அம்மம்மாவையும் தகப்பனையும் உள்ளே விடும் மனமும் தேவை.

விலைகூடிய கருவி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் ஹீலிக்ஸ் ஆய்வை அறிந்திருக்க வேண்டும். பிறக்கும்போது மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலைக் குளிரவைப்பது செல்வந்த நாடுகளில் நிலைபெற்ற சிகிச்சை. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ் ஆகிய நாடுகளில் 7 வைத்தியசாலைகளில் 408 குழந்தைகளிடம் அதைச் சோதித்தார்கள். 2021இல் வந்த முடிவு: குளிரவைக்கப்பட்டவர்களில் 42 சதவீதமும் மற்றவர்களில் 31 சதவீதமும் இறந்தனர். நம் பிள்ளைகளுக்கு எது பொருந்தும் என்பதை நம் பிள்ளைகளிடமிருந்தே அறிய வேண்டியிருக்கிறது.

இனிக் கண். குறைமாதக் குழந்தையின் விழித்திரையில் இரத்தக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. கூடுதல் ஒட்சிசனும் தொற்றும் அவற்றைத் தாறுமாறாக வளரவைத்து விழித்திரையையே பெயர்த்துவிடக்கூடும். உரிய வேளையில் லேசர் கொடுத்தால் பெரும்பாலும் பார்வையைக் காப்பாற்றலாம். தவறினால் மீட்க வழியில்லை. சென்னையில் 1996இல் 29 வாரத்தில் 1250 கிராமுடன் பிறந்த ஒரு பெண்குழந்தைக்கு விழித்திரைச் சோதனை செய்யப்படவில்லை. அவளுக்கு இரு கண்களும் போயின. ஏறத்தாழ 1.8 கோடி ரூபா இழப்பீடு கொடுக்கும்படி 2015இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

முதல் கண் சோதனை பொதுவாகப் பிறந்து நான்காவது வாரத்தில். நம் பக்கத்தில் பிறப்புத் துடக்கு 31ஆம் நாள் கழிகிறது. காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் நாற்பது நாள் கணக்கு. தாயும் பிள்ளையும் வெளியே இறங்காத அந்த நாட்களுக்குள்தான் கண்ணின் தவணையும் வந்து நிற்கிறது. வழக்கத்தைக் குறை சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. வீட்டுக்கு அனுப்பத் துண்டு வெட்டும்போதே நாளைக் குறித்து, அந்த நாள் ஏன் தள்ளக்கூடாது என்று வீட்டிலுள்ள மூத்த பெண்ணிடம் சொல்லிவிட்டால் அவரே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவார்.

வருவதற்கு வழி வேண்டும். 56 கிலோமீற்றர் நீண்ட வாவி மாவட்டத்தை எழுவான்கரை, படுவான்கரை என்று இரண்டாகப் பிரிக்கிறது. போதனா வைத்தியசாலை இருப்பது கிழக்கே, நகரில். மண்முனைப் பாலம் 2014இல் திறக்கும்வரை கொக்கட்டிச்சோலைப் பக்கத்தார் பாதை எனப்படும் மிதவையில் ஏறித்தான் வாவியைக் கடந்தார்கள். பாலம் தூரத்தைக் குறைத்தது. ஒருநாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி, கிளினிக்கில் அரைநாள் காத்திருக்கும் செலவை அது குறைக்கவில்லை. மூன்றாவது தவணையில் வராமல் நின்றுவிடும் தாய் பொறுப்பற்றவள் அல்ல.

இன்னொரு சிக்கல் வயது. எட்டு மாதத்தில் பிறந்த பிள்ளையின் ஆறு மாதத்தை ஐந்து மாதமாக எண்ணியே வளர்ச்சியைப் பார்க்க வேண்டும். இது தெரியாத வீட்டில் வீண் பயம் வரும். தெரிந்த வீட்டில் வேறு ஆபத்து: "எங்கட குடும்பத்தில புள்ளையள் பிந்தித்தான் நடக்கிறது, மிஸ்ஸி" என்று எல்லாத் தாமதத்துக்கும் சமாதானம் சொல்லிவிடலாம். திருத்திய வயதில் மூன்று மாதமளவில் மல்லாந்து கிடக்கும் பிள்ளையின் இயல்பான அசைவுகளைச் சில நிமிடங்கள் கைபேசியில் படம்பிடித்தால், பயிற்சி பெற்றவர் பெருமூளை வாதத்தின் அறிகுறியைக் கண்டுகொள்ள முடியும். இரண்டு வயதுவரை நோக்க, திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையம் உருவாக்கிய அட்டையில் 17 கேள்விகள்தான். களப்பணியாளரே சில நிமிடங்களில் கேட்டு முடிக்கலாம். பிள்ளையின் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டைப் பார்க்க மருத்துவமாது எப்படியும் வீட்டுக்கு வருகிறார். அவர் கையில் இந்த இரண்டையும் கொடுக்கத் தனிக் கட்டடம் எதுவும் வேண்டியதில்லை.

ஆகவே இந்த அவையின் முன் ஒரு கோரிக்கை. 1500 கிராமுக்குக் குறைந்து பிறந்து பிரிவிலிருந்து வீடு செல்லும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெயர்ப் பதிவு, தவணைக்கு வராதவரை மறுநாளே தொலைபேசியில் அழைக்க ஒரு தாதி, படுவான்கரையில் மாதம் ஒருமுறை கிளினிக், பஸ் காசு. பிறகு ஆண்டுதோறும், பிழைத்தவர்களின் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே, இரண்டு வயதில் பரிசோதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர் என்பதையும் வெளியிட வேண்டும்.