வாயையும் பார்த்தோமா?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



உங்கள் காணிக்கை எதற்குச் செலவாகிறது என்று கேட்டால் வழக்கமாக வார்டையும் கட்டிலையும் காட்டுவோம். இன்று ஒரு தம்பியின் வாயைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறோம்.

கடலூர் முதுநகர்ப் பக்கத்துத் தம்பி அவர். மனச்சிதைவு நோய்க்குப் பல வருடங்களாக மாத்திரை சாப்பிடுகிறவர். திடீரென்று சாப்பாட்டைத் தள்ளினார். இரவில் எழுந்து சுவரில் தலையை மோதினார். "வாய்க்குள்ளே பூச்சி குடையுது" என்றார். நோய் திரும்பிவிட்டது என்று அவருடைய அம்மா அழுதார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். ஜெபித்தோம், மாத்திரையைக் கூட்டலாமா என்று டாக்டரைக் கேட்கவும் செய்தோம். பத்து நாள் போயிற்று. பிறகுதான் எங்கள் சிஸ்டர் ஒருவர் டார்ச் அடித்து உதட்டை விலக்கிப் பார்த்தார். இரண்டு கடைவாய்ப் பற்கள் வேர்வரை சொத்தை, ஈறில் சீழ். பூச்சிப்பல் என்றுதானே ஊரில் எல்லாரும் சொல்லுகிறோம்? நாம் சொன்னால் பல்வலி, அவர் சொன்னால் பைத்தியம் என்றாகிவிட்டது. அந்தப் பத்து நாட்களுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டோம்.

இது ஒருவர் கதை அல்ல. 25 ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான கணக்குப்படி, கடும் மனநோயுள்ளவர்கள் பற்கள் முழுவதையும் இழக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு. மனநோய் மாத்திரைகள் பல, வாயை உலர்த்திவிடும். கைநடுக்கத்துக்குச் சேர்த்துக் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடிலும் அப்படியே. உமிழ்நீர்தான் பல்லைக் கழுவி, புளிப்பை முறிக்கிறது. அது வற்றினால் சொத்தை வேகமாகப் பரவும். தாகத்துக்கு இனிப்பு டீ, அதோடு பீடி, பாக்கு. சோர்ந்து கிடக்கிறவருக்குப் பல் துலக்குவதே மலை. மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை; அதை நிறுத்துவது ஆபத்து. அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர், சர்க்கரையில்லாத டீ, இரவு மாத்திரைக்குப் பின் பக்கத்தில் ஒருவர் நின்று பல் துலக்க வைப்பது, இவை போதும் என்று சொல்லமாட்டோம். ஆனால் இவற்றில் தொடங்கலாம்.

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியாக 1980-ல் தொடங்கி இன்று அரசின் வசம் உள்ள கல்லூரி இருக்கிறது. ஆலப்பாக்கம், புதுச்சத்திரம் வழியாக பஸ்ஸில் அழைத்துப் போனோம். நாற்காலியைப் பார்த்ததும் தம்பி வெளியே ஓடிவிட்டார்! அடுத்த வாரம் அம்மா முதலில் அதில் உட்கார்ந்து வாயைத் திறந்து காட்டினார்கள். மூன்றாவது தடவைதான் பல் எடுக்க முடிந்தது. அன்று மாலை கஞ்சி குடித்தார்; மறுவாரம் மீன் குழம்பு கேட்டார்.

ஒரு பல்லுக்கு மூன்று பயணம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று பேருக்குப் பஸ் கட்டணம், அம்மாவுக்கு அன்றைய கூலி நஷ்டம். இந்தச் செலவுக்குத்தான் உங்கள் உதவியைக் கேட்கிறோம். இன்னொன்றும் கூச்சத்தோடு சொல்லுகிறோம்: கிறிஸ்மஸ் சமயத்தில் அன்போடு கேக்கும் மிட்டாயும் பெட்டி பெட்டியாகக் கொண்டுவருகிறீர்கள். இந்த வருடம் அதில் பாதிக்குப் பதிலாக மிருதுவான பிரஷும் ஃப்ளோரைடு பற்பசையும் வாங்கி வாருங்கள்.