நாள் உணவும் விழா உணவும்

(இராசபாளையத்தில் கூடிய நம் சங்க மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

இருதயத்திற்கு நலந்தரும் உணவுகளைப் பற்றிப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைப் பணித்தார்கள். யாம் மருத்துவரல்லேம், பிள்ளைகட்கு இலக்கணம் கற்பிப்போம். எனினும், மருத்துவ நூலார் ஆராய்ந்து கண்டவற்றை நம் அடுக்களை மொழியிற் சொல்லுதற்கும் ஒருவர் வேண்டுமன்றோ? அத்துணையே எம் பணி.

2019-ஆம் ஆண்டில் மட்டும் இருதய நோயாலும் இரத்தக்குழாய் நோயாலும் உலகில் ஏறத்தாழ 1 கோடியே 79 லட்சம் மக்கள் மாண்டனர் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணக்கு. கேரளத்திற் பிறந்த மருத்துவர் சலீம் யூசுப் தலைமையில் 52 நாடுகளில் நிகழ்ந்து, 2004-இல் வெளிவந்தது ‘இன்டர்ஹார்ட்’ என்னும் ஆராய்ச்சி. அதில் தென்னாசிய மக்களைத் தனியே பிரித்து நோக்கிய கட்டுரையொன்று 2007-இல் வந்தது. முதன்முறை மாரடைப்புற்றோரின் சராசரி வயது பிற நாட்டாரிடை 59 ஆயிருக்க, நம் பகுதியாரிடை 53 ஆயிருந்தது. 53 என்பது மகளுக்கு மணம் பேசும் வயது; மகன் கல்லூரிச் சம்பளத்திற்குத் தந்தையின் கையை எதிர்நோக்கும் காலம். நம் சங்கத்தின் அனுதாபத் தீர்மானங்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இருதயத்திற்கே இரத்தம் கொண்டு செல்லும் குழாய்களின் உட்சுவரிற் கொழுப்பு சிறுகச் சிறுகப் படிகின்றது. படிந்த இடம் ஒருநாள் வெடித்து, அங்கே இரத்தம் உறைந்து வழியடைத்துவிடின் அதுவே மாரடைப்பு. இஃது ஒரு விருந்தால் விளைவதன்று. புகையும், இரத்த அழுத்தமும், நீரிழிவும் துணைசெய்ய, பல்லாண்டு அன்றாடம் உண்டதன் ஈட்டம். ஆகலின், தீபாவளியன்று உண்டதை விட்டுவிடுவோம். செவ்வாய்க்கிழமை என்ன உண்டோம்? அதனையே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அன்பர்கட்குத் திருப்பாவையை யாம் எடுத்துரைத்தல் மிகை. எனினும் ஒன்று கூறுவாம். இரண்டாம் பாட்டிலே நோன்பு நோற்கும் மகளிர் நெய்யையும் பாலையும் விலக்குகின்றனர். இருபத்தேழாம் பாட்டிற்றான் பாற்சோறும் நெய்யும் வருகின்றன. கூடாரவல்லியன்று அக்காரவடிசில் படைக்கும் வழக்கமும் அதனை ஒட்டியதே. ஆண்டாள் பாசுரத்தை உணவு நூலாக்கிவிட்டான் பண்டிதன் என்று வைணவப் பெரியோர் எம்மைக் கடிந்துகொள்ளற்க! நாள் உணவு வேறு, விழா உணவு வேறு என்னும் பிரிவினை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர் என்பதே யாம் காட்ட விழைவது.

அப்பிரிவு இந்நாளில் அழிந்துபட்டது. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவா நம் இரு ஊரார்க்கும் பெருமை; அதனால் வாழுங் குடும்பங்களும் பல. அதனை யாம் இகழோம். ஆனால், பாலைச் சுண்டக் காய்ச்சுங்கால் நீங்குவது நீர் ஒன்றே. பாலின் கொழுப்பும், இட்ட சர்க்கரையும் அப்படியே திரண்டு நிற்கும். பாற்கொழுப்பில் மூன்றில் இருபங்கு நிறைகொழுப்பு. இரத்தத்திற் கெட்ட கொலஸ்டிராலை உயர்த்தும் இனத்தது. ஊர் திரும்பும் விருந்தினர்க்குக் கொடுத்தனுப்ப வாங்கிய பண்டம் இன்று பள்ளி விட்டு வரும் பிள்ளைக்கு மாலைச் சிற்றுண்டியாயிற்று. இரவு முறை முடித்து ஆலையினின்றும் வரும் இளைஞர்க்கோ பரோட்டாவும் சால்னாவும் நாள் உணவாயின.

இனி, நாளும் உண்ணத்தக்கவை யாவை? நமக்குக் கிழக்கே விரிந்து கிடக்கும் கரிசல் மானாவாரி நிலம் கம்பும் சோளமும் குதிரைவாலியும் விளைவித்த நிலம். ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடிய பின்னரே நம் வீட்டு இளைஞர் அவற்றைப் பொட்டலத்தில் விலை கொடுத்து வாங்குகின்றனர், பாட்டிமார் நகைக்கின்றனர். வாங்குவோர் தவிடு நீங்கத் தீட்டியதை வாங்கற்க. தவிட்டோடு நாரும் போய்விடும். பின் அதற்கும் தீட்டிய அரிசிக்கும் வேற்றுமை சிறிதே.

நார் என்பதைச் சற்று விளக்குவாம். நம் கல்லீரல் கொலஸ்டிராலைக் கொண்டு பித்த உப்புகளை ஆக்குகின்றது. கொள்ளு, தட்டாம்பயறு, மொச்சை, வெண்டைக்காய் முதலியவற்றிலுள்ள கரையும் நார் அப்பித்தத்தைப் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறுகின்றது. இழந்ததை ஈடுசெய்யக் கல்லீரல் இரத்தத்திலுள்ள கொலஸ்டிராலை எடுத்துக்கொள்ள, அதன் அளவு தாழ்கின்றது. ஏழையின் குழம்பென்று நாம் ஒதுக்கிய கொள்ளுக்குழம்பு செய்யும் வேலை இது!

குன்னூரில் 1918-இல் ராபர்ட் மக்காரிசன் தொடங்கிய சிறு ஆராய்ச்சிக்கூடமே, 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாய் விளங்குகின்றது. அந்நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு நெறியில், ஒருவர்க்கு ஒருநாட்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காயும் கீரையும் 400 கிராம், பழம் 100 கிராம் என வகுத்துள்ளது. நம் இலையை நோக்குவோம். சோறு மலைபோல் நிற்கும். பொரியல் அதன் அடிவாரத்தில் ஒரு கூழாங்கல். மலையைக் குறைத்துக் கல்லைப் பெருக்குதல் பெண்டிர் கையில் மட்டும் இல்லை. ‘இன்னும் சோறு போடு’ என்னும் ஆடவர் வாயிலும் உளது.

முருங்கைக்கீரையிலுள்ள பொட்டாசியம் உப்பினால் ஏறும் இரத்த அழுத்தத்தை எதிர்ப்பது. சிறுநீரக நோயுடையார் மாத்திரம் மருத்துவரைக் கேட்டு உண்க. அவித்த நிலக்கடலை ஒரு கைப்பிடி மாலைக்குப் போதும். புலால் உண்ணும் இல்லத்தார் தூத்துக்குடிப் பக்கத்துச் சாளை மீனைக் குழம்பாக்கி உண்பாராயின் மிக நன்று; பொரித்தால் நன்மை குன்றும், கருவாடாயின் உப்பு மிகும். எண்ணெய் பற்றி வினவுவோர் பலர். தேங்காயெண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. கடலையெண்ணெயில் ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு. நல்லெண்ணெயில் ஏழிலொரு பங்கு. தென்னந்தோப்புடைய அன்பர்கள் எம்மேற் சினவற்க. செக்கில் ஆட்டியதாயினும் எண்ணெய் எண்ணெயே, அளவு வேண்டும். ஒருமுறை வடை சுட்ட எண்ணெயை மறுபடி மறுபடி காய்ச்சுதல் கூடாது.

உப்போ, ஒருநாட்கு 5 கிராமுக்குள், அஃதாவது ஒரு தேக்கரண்டிக்குள், அடங்க வேண்டும். ஊறுகாய், அப்பளம், வற்றல் இவற்றில் ஒளிந்திருப்பதும் அதிற் சேரும். நம் விருந்துகளில் இலையின் ஓரத்தில் முதலில் உப்பு வைக்கின்றோம். அடுத்த ஆண்டு விழாவில் அவ்வுப்பை நிறுத்தி, இரண்டு அப்பளத்தை ஒன்றாக்கி, பொரியலை இருமடங்காக்குமாறு விருந்துக் கமிட்டியாரை வேண்டுகின்றோம். பாயசம் இருக்கட்டும், அது விழா உணவு.

இறுதியாக ஒன்று. பூண்டு தின்கின்றோம் என்று இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்துவோர் நம்மிடையே உளர். உணவு காக்கும், மருந்தின் இடத்தை அது நிரப்பாது. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் அம்மாத்திரை வீட்டு வாயிலுக்கே வருகின்றது. மற்று, நெஞ்சில் அழுத்தமும், இடக்கை அல்லது தாடை நோவும், குளிர்ந்த வியர்வையும் ஒருங்கே கண்டால், வாயு என்று சொல்லிச் சுக்குக் கஷாயமும் சோடாவும் கொடுத்துக் காலங் கழித்தல் நம் ஊர்களிற் பெருவழக்கம். பெண்டிர்க்கும் நீரிழிவுடையார்க்கும் நெஞ்சு வலியின்றி மூச்சுத் திணறலும் சோர்வும் மட்டுமே தோன்றுதலும் உண்டு. அடைபட்ட குழாயைத் திறக்குங்காறும் நாழிகை கழியக் கழிய இருதயத் தசை மாய்ந்துகொண்டே போகும். கஷாயம் காய்ச்சும் நேரத்தில் 108-க்குத் தொலைபேசியில் அழைக்கலாம். 2008 முதல் நம் மாநிலத்தில் அவ்வண்டி ஓடுகின்றது; அதற்குக் கட்டணம் இல்லை.