பிள்ளைகளுக்கு ஹால்: பொதுக்குழுவில் பேசியது

கம்ப்யூட்டரிலும் சின்தசைசரிலும் இசையமைக்கும் நம் பிள்ளைகள் மாதமொரு ஞாயிறு ஹாலைக் கேட்டபோது, முதல் ஆட்சேபம் என்னுடையதுதான். பொருளாளர் என்பதால் சாவியோடு காவலுக்கு உட்கார்ந்தேன். வீட்டில் ஹெட்போனோடு தனியறையில் கிடந்தவர்கள், இங்கே ஒருவர் வாசிப்பதை மற்றவர் கேட்டுத் திருத்தம் சொன்னார்கள்.

1982-ல் மும்பையின் சரண்ஜித் சிங் சின்தசைசரில் பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டு வெளியிட்டார். அன்று விற்கவில்லை. 2010-ல் மறுபடி வெளிவந்த பிறகுதான் உலகம் வியந்தது. நம் பிள்ளைகளையும் அவ்வளவு காலம் காக்க வைக்கலாமா?

குடியிருப்புப் பகுதியில் இரவு 10 மணிக்குமேல் 45 டெசிபல்தான் வரம்பு. இவர்கள் 8 மணிக்கே நிறுத்தி, நாற்காலிகளை அடுக்கி, கரண்ட் பில்லையும் கட்டிவிடுகிறார்கள். ஒரு ரூபாய் பாக்கியில்லை. அனுமதியை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டுகிறேன். அடுத்தமுறை பெரியவர்களும் வந்து கேளுங்கள்.