காட்டுச் சட்டமும் நாட்டு நீரும்
(எமது சங்க ஆண்டு விழாவில் பல்கலைக்கழக மாணவ அங்கத்தவர் ஒருவர் ஆற்றிய உரை)



"உடுப்பிட்டியில் காடு ஏது? இவன் ஏன் காட்டுச் சட்டம் பேசுகிறான்?" என்று சிலர் எண்ணக்கூடும். இரணைமடுக் குளத்து நெல் நமக்கு அந்நியமன்று. அக்குளத்தை நிரப்பும் கனகராயன் ஆறு வன்னிக் காட்டினூடே வருகிறது. காடு அழிந்தால் ஆறு ஏது? சோறு ஏது?

ஆங்கிலேயர் 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தால் காடும் தரிசும் முடிக்குரியவை எனக் கொண்டனர். 1907 ஆம் ஆண்டின் வனக் கட்டளைச் சட்டத்தின் முகவுரை மரந் தறித்தலையும் ஏற்றிச் செல்லுதலையும் குறித்ததேயன்றி, நீரையும் மண்ணையும் குறிக்கவில்லை. மரக்காலை முதலாளியின் கண்ணே சட்டத்தின் கண்ணாயிற்று!

1970களில் ஒட்டுப்பலகைக்காகச் சிங்கராஜ வனத்தில் எந்திரங்கள் புகுந்தன. மக்கள் எதிர்த்தனர், 1977 இல் வெட்டு நின்றது. அவ்வனமே 1988 இல் உலக மரபுரிமையாயிற்று. 1990 இல் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுதல் தடுக்கப்பட்டது. 2009 ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கிற்று.

ஆயினும் இரு குறைகள் உள. ஒன்று, எல்லை குறிக்கப்படாத எஞ்சிய காடுகளை வனத் திணைக்களத்தின் காவலில் வைத்தது 2001 ஆம் ஆண்டின் ஒரு சுற்றறிக்கை. 2020 இல் மற்றொரு சுற்றறிக்கை அதனை நீக்கிற்று. கடதாசியால் வந்த காவல் கடதாசியாலேயே போயிற்று. ஆதலால் அக்காவல் சட்டத்திலேயே நிற்றல் வேண்டும்.

மற்றொன்று, போரால் இடம்பெயர்ந்தோர் திரும்பியபோது, பற்றை மண்டிய தம் வயல்கள் வனமெனக் குறிக்கப்பட்டிருந்ததாக வன்னியிலே முறையிட்டனர். ஏழையின் காணியைப் பறித்துக் காடு காப்பது தருமமாகாது. அவன் பகைவனானால் காட்டைக் காப்பவர் யார்? இந்தியாவின் 2006 ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கிராம சபைக்கு உரிமையும் காவற்பொறுப்பும் அளித்தது. நாமும் ஊராரைக் கூட்டி, உறுதிகளைப் பார்த்து, அதன்பின் எல்லைக்கல் நடுவோம். நீரையும் மண்ணையும் உயிர்களையும் காப்பதே சட்டத்தின் முதல் நோக்கமென எழுதுவோம்.

கோயிலின் தலவிருட்சத்தில் கோடரி வைக்க எவரும் துணியார். அங்கே காவலாளி இல்லை. அது நம்முடையது என்னும் எண்ணமே காவல். அவ்வெண்ணத்தைக் காட்டுக்கும் வளர்க்கும் சட்டத்தையே நாம் கேட்கிறோம். பெரியோர்கள் வழிகாட்டுக, இளைஞர்கள் முன்வருக.